பனம்பழம் ஏன் பனையடியிலேயே விழுகிறது?

20 மீற்றர் உயரமான ஒரு பனை. உச்சியில் இருந்து ஒரு பழம் கழன்று விழுகிறது. நிலத்துக்கு வந்துசேர ஏறக்குறைய 2 செக்கன் எடுக்கும். அந்த 2 செக்கனுக்குள் பூமி சும்மா நிற்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணம் இருக்கிற அகலக்கோட்டில் அந்தச் சுழற்சியின் கதி மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர். செக்கனுக்கு 450 மீற்றருக்கு மேல். அப்படியெண்டால், பழம் காற்றில் இருக்கிற நேரத்தில் பனை, வேலி, வளவு, கீழே பொறுக்க நிற்கிற ஆள் எல்லாமே 900 மீற்றருக்கு மேல் கிழக்கே போயிருக்க வேண்டும். பழம் மேற்கே, கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் தள்ளி, வேறு யாருடையோ வளவுக்குள் விழவேண்டும்.

ஆனால் பழம் பனையடியில்தான் விழுது. ஏன்?

எங்களுக்குள்ளேயே இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தோம். "காத்தும் பூமியோட சேர்ந்து சுத்துது தானே, அது பழத்தையும் கொண்டுபோகும்" என்றார் ஒருவர். "ஈர்ப்பு விசை பிடிச்சு வைச்சிருக்கு" என்றார் இன்னொருவர். இரண்டுமே விடை இல்லை. நிற்கிற ஒரு பனம்பழத்தை 2 செக்கனுக்குள் அந்தக் கதிக்குக் கொண்டுவர எந்தக் காற்றாலும் ஏலாது. ஈர்ப்பு கீழே இழுக்குமே தவிர, கிழக்கே தள்ளாது.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். சாதாரண தரத்தோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள். ஆனாலும் நியூற்றனின் முதலாம் விதியைக் கேட்டால் நித்திரையில் எழுப்பினாலும் சொல்லுவம்: புறவிசை ஒன்று தாக்காதவரை, ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீரான வேகத்தோடு இயங்கிக்கொண்டே இருக்கும். பனம்பழக் கேள்விக்கான விடை முழுக்க இந்த வசனத்துக்குள் இருக்கிறது. வருசக்கணக்காக ஒப்புவித்தும் அது எங்களில் ஒருவருக்கும் படவில்லை. எங்களை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது அந்த வெட்கம்தான். அந்த ஒற்றை வசனம் எங்கேயிருந்து வந்தது, வர ஏன் 2,000 வருசம் எடுத்தது எண்டு தேடிப் போனோம். தேடியதில் கிடைத்ததுதான் இது.

தள்ளினால்தான் போகும்

கதையைக் கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் இருந்து தொடங்கலாம். அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322) சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால்: அசைகிற ஒவ்வொன்றையும் ஏதோ ஒன்று அசைக்கிறது. கல்லை விட்டால் கீழே வரும். அது அதன் இயல்பான அசைவு. நெருப்பு மேலே போகும்; அதுவும் இயல்பு. ஆனால் ஒரு பாரவண்டியை நிலத்தில் நகர்த்துவது இயல்பல்ல. அதற்கு யாராவது தள்ளவேண்டும் அல்லது இழுக்கவேண்டும். தள்ளுவதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும்.

பாடசாலையில் அரிஸ்டோட்டிலை "பிழையாகச் சொன்ன ஆள்" எண்டு ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கோ, நாங்கள் வாழ்கிற உலகம் அவர் சொன்ன மாதிரித்தானே இருக்கிறது? சைக்கிள் மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்சத் தூரத்தில் நிற்கும். மேசையைத் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். உராய்வு இல்லாத ஓர் இடத்தை எங்களில் ஒருத்தரும் கண்டதில்லை. கண்ணால் கண்டதை வைத்துப் பேசியவர் அரிஸ்டோட்டில். நியூற்றனின் விதிதான் ஒருத்தரும் காணாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறது.

அரிஸ்டோட்டிலின் கொள்கையில் ஒரு ஓட்டை இருந்தது. எறிந்த கல். கையை விட்ட பிறகும் கல் ஏன் பறக்கிறது? அதைத் தள்ள இப்ப ஆர் இருக்கினம்? அவர் தந்த விடை, காற்று. கை கல்லோடு சேர்த்துச் சுற்றியுள்ள காற்றையும் அசைக்கிறது. அந்தக் காற்று கல்லைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டு போகிறது.

இன்னொரு இடத்தில் அவர் இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறார். வெற்றிடம் என்று ஒன்று இருக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அதற்குக் காட்டுகிற காரணங்களில் ஒன்று: வெற்றிடத்தில் ஒரு பொருள் அசையத் தொடங்கினால், அது இந்த இடத்தில் நிற்கவேண்டும், அந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இருக்காது, தடுப்பதற்கு ஒன்று வராதவரை அது போய்க்கொண்டே இருக்கும். இதை வாசித்தபோது நாங்கள் திகைத்துப்போனோம். முதலாம் விதி இதேதான்! ஆனால் அரிஸ்டோட்டில் இதை ஒரு உண்மையாகச் சொல்லவில்லை. 'இப்படி ஒரு அபத்தம் வரும், ஆகவே வெற்றிடம் இல்லை' என்று முடிக்கிறார். வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, 'இது வீடாக இருக்க முடியாது' என்று திரும்பிப் போனார்.

வாசல்வரை வந்தவர்கள்

6ஆம் நூற்றாண்டு, எகிப்தின் அலெக்சாந்திரியா. யோன் பிலோப்பொனஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் அரிஸ்டோட்டிலுக்கு உரை எழுதுகிறார். 'பிலோப்பொனஸ்' என்றால் கிரேக்கத்தில் உழைப்பை நேசிப்பவர். உரை எழுதுகிறவர் மூலநூலுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். இவர் முட்டுக்கொடுக்கவில்லை. காற்றுத்தான் கல்லைத் தள்ளுகிறது என்றால் கையே தேவையில்லையே, ஒரு கல்லைத் தடியின் நுனியில் வைத்துப் பின்னால் இருந்து எவ்வளவு காற்றை அடித்தாலும் போதுமே என்று கேட்டார். அப்படிச் செய்தால் கல் அசையாது என்பது எவருக்கும் தெரியும். ஆகவே எறிகிறவர் கல்லுக்குள்ளேயே ஒரு விசையைக் கொடுக்கிறார், அது தீரும்வரை கல் பறக்கிறது என்பது அவருடைய விடை. பிறகு, அவர் இறந்து பல காலத்துக்குப் பின், 680–681இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய திருச்சபைச் சங்கம் அவருடைய இறையியல் கருத்துகளுக்காக அவரைச் சபித்தது.

அடுத்தது இப்னு சீனா (980–1037). வைத்தியராகத்தான் அவரை எங்களுக்குத் தெரியும். 'கிதாப் அல்-ஷிஃபா' என்ற தன் பெரிய மெய்யியல் நூலில் எறிபொருளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எறிகிறவர் பொருளுக்கு ஒரு சாய்வைக் கொடுக்கிறார். அரபியில் அதை 'மைல்' என்றார். அந்தச் சாய்வு தானாகத் தேயாது. வெளியில் உள்ள தடையால்தான் தேயும். அப்படியெண்டால் தடையே இல்லாத வெற்றிடத்தில்? முடிவில்லாமல் போகும். இப்னு சீனாவும் அந்த வசனத்துக்கு வந்துவிட்டார். ஆனால் அவரும் அதை அரிஸ்டோட்டில் மாதிரியே வெற்றிடம் இல்லை என்று காட்டத்தான் பயன்படுத்தினார். அதே வாசல், அதே திரும்பிப் போதல்.

14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஜான் பியூரிடான் இந்தப் பக்கத்து ஆட்களில் எங்களுக்கு ஆகப் பிடித்தவர். ஏனெண்டால் அவருடைய உதாரணங்கள் தெருவில் இருந்து வருகின்றன. சுற்றிவிட்ட பம்பரமும் சாணைக்கல்லும் இருந்த இடத்தை விட்டு நகராமலேயே சுற்றுகின்றன. பின்னால் காற்று நுழைந்து தள்ள அங்கே இடமே இல்லை. ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் இழுத்துவந்த படகு, இழுப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்சத் தூரம் போகும். அந்த நேரம் தட்டில் நிற்கிற படகோட்டிக்கு முதுகில் தள்ளுகிற காற்று ஒன்றும் படுவதில்லை. முகத்தில் மோதுகிற காற்றுத்தான் படும். பொருளுக்குள் பதிகிற இந்த உந்தலை அவர் 'இம்பெட்டஸ்' என்றார். பொருளின் அளவு கூடக்கூட, கதி கூடக்கூட அதுவும் கூடும் என்றார். இன்று திணிவையும் வேகத்தையும் பெருக்கி 'உந்தம்' என்று படிக்கிறோமே, அதன் சாயல் இங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். முகநூலில் அடிக்கடி ஒரு வகைப் பதிவு வரும்: 'நியூற்றனுக்கு முன்னமே எங்கட ஆள் கண்டுபிடிச்சிட்டார்.' 'எங்கட ஆள்' என்பது பதிவு போடுகிறவரைப் பொறுத்து மாறும். இப்னு சீனாவும் பியூரிடானும் சடத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் எண்டு சொல்லுறது அவர்களுக்கும் நியாயமில்லை, எங்களுக்கும் நியாயமில்லை. அவர்களுடைய கேள்வி, 'பொருளை எது அசைத்துக்கொண்டே இருக்கிறது?' என்பது. அரிஸ்டோட்டில் காற்று என்றார். இவர்கள் பொருளுக்குள் இருக்கும் ஒன்று என்றார்கள். விடை மாறியது. கேள்வி மாறவில்லை. நியூற்றனின் விதியில் அந்தக் கேள்வியே இல்லை. சீரான அசைவுக்குக் காரணம் தேவையில்லை. அசைவு மாறுவதற்குத்தான் காரணம் தேவை. இது பெரிய இடைவெளி. அதைத் தாண்டுவதற்கு ஒரு தள்ளு வேண்டியிருந்தது. அந்தத் தள்ளு வானத்தில் இருந்து வந்தது.

பூமி அசைந்தால் என்ன நடக்கும்?

பனம்பழக் கேள்வி புதியது இல்லை. அரிஸ்டோட்டிலே அதைச் சொல்லியிருக்கிறார்: செங்குத்தாக மேலே எறிந்த பாரமான பொருள் எறிந்த இடத்துக்கே திரும்பி விழுகிறது, ஆகவே பூமி அசையவில்லை. 2ஆம் நூற்றாண்டில் தொலமி, பூமி சுற்றினால் முகில்களும் பறவைகளும் எல்லாம் மேற்கே பின்தங்கிப் போகும் என்று எழுதினார்.

இந்தியாவில் ஆரியபட்டர் 499இல் முடித்த தன் நூலில், பூமி சுற்றுகிறது என்றார். ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையில் நிற்பவை பின்னால் போவது போலத் தெரிவதைப் போலத்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவது போலத் தெரிகின்றன என்றார். அவருக்குப் பின்னால் வந்த பெரிய வானியலாளர்களே அதை ஏற்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர், பூமி சுற்றினால் பருந்துகள் தங்கள் கூட்டுக்கு எப்படித் திரும்பும் எண்டு கேட்டார். அலெக்சாந்திரியாவில் கேட்ட அதே கேள்வி. ஒரே கேள்வி இரண்டு இடங்களில் எழுந்தது யாரும் மொக்கர்கள் என்பதால் இல்லை. அது நியாயமான கேள்வி. ஆரியபட்டரிடம் அழகான உவமை இருந்தது. பருந்துக்கு விடை இருக்கவில்லை.

1543இல் கொப்பர்னிக்கஸின் நூல் அச்சாகிறது. பூமி சூரியனையும் சுற்றுகிறது, தன்னையும் சுற்றுகிறது. உடனே பழைய கேள்வி புதுப் பலத்தோடு திரும்பியது. கோபுரத்தின் உச்சியில் இருந்து விடுகிற கல் ஏன் கோபுரத்தின் அடியிலேயே விழுகிறது? டென்மார்க்கைச் சேர்ந்த தைக்கோ பிராகே அந்தக் காலத்தின் ஆகத் திறமான வான்நோக்காளர். அவர் இதைப் பீரங்கிக்கு மாற்றிக் கேட்டார்: பூமி கிழக்கே சுற்றினால், கிழக்கே சுட்ட குண்டும் மேற்கே சுட்ட குண்டும் வெவ்வேறு தூரம் போகவேண்டாமா?

1584இல் ஜியோர்டானோ புரூனோ விடைக்குக் கிட்ட வந்தார். ஓடுகிற கப்பலின் பாய்மர உச்சியில் இருந்து ஒரு கல்லை விட்டால், கல் கப்பலின் அசைவையும் கொண்டிருக்கும். அதனால் பாய்மரத்தின் அடியில்தான் விழும் என்று எழுதினார். 1600 பெப்ரவரியில் றோமில் அவரை உயிரோடு எரித்தார்கள். எரித்தது கப்பல் உவமைக்காக இல்லை. திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வீகம், எண்ணற்ற உலகங்கள் என்று நீண்ட குற்றப்பட்டியல் அது. ஆனால் எப்படியான ஒரு காலத்தில் இந்தக் கல் விழுந்துகொண்டிருந்தது என்று விளங்க அது போதும்.

கப்பலும் கலிலியோவும்

கலிலியோ (1564–1642) பைசாக் கோபுரத்தில் இருந்து குண்டுகளைப் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அது அவருடைய மாணவர் விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிற கதை. கலிலியோ அதைத் தன் நூல்களில் எழுதவில்லை. அவர் உண்மையில் செய்தது அதைவிடச் சுவாரசியமானது. விழுகிற பொருள் கண்ணுக்கு அகப்படாத வேகத்தில் போய்விடும். அதனால் அவர் விழுகையை மெதுவாக்கினார். மரத்தில் ஒரு தவாளிப்பை வெட்டி, வழுவழுப்பாக்கி, சாய்த்து வைத்து, அதில் வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்தை அளக்க, ஒரு பாத்திரத்தில் இருந்து மெல்லிய குழாயால் வடிகிற தண்ணீரைச் சேர்த்து நிறுத்தார். ஆர்முடுகல் என்று நாங்கள் படிக்கிற கணக்கு அந்தச் சாய்தளத்தில் இருந்து வந்தது.

1632இல் 'இரு பெரும் உலக அமைப்புகள் பற்றிய உரையாடல்' என்ற நூலை வெளியிட்டார். அறிஞர்களின் இலத்தீனில் இல்லை, சாதாரணமாக வாசிக்கத் தெரிந்தவருக்கும் விளங்கக்கூடிய இத்தாலியனில். மூன்று பேர் பேசிக்கொள்கிறார்கள். சல்வியாட்டி கலிலியோவின் பக்கம். சிம்பிளிச்சியோ அரிஸ்டோட்டிலின் பக்கம். சக்ரேடோ நடுவில் நின்று கேட்கிறவர். சல்வியாட்டி கேட்கிறார்: கீழ்நோக்கிச் சாய்ந்த தளத்தில் குண்டு என்ன ஆகும்? வேகம் கூடிக்கொண்டு போகும். மேல்நோக்கிச் சாய்ந்தால்? வேகம் குறைந்துகொண்டு போகும். அப்படியெண்டால் மேலும் இல்லை, கீழும் இல்லை, மட்டமான தளத்தில் ஒருமுறை தள்ளிவிட்டால்? கூடவும் காரணமில்லை, குறையவும் காரணமில்லை. தளம் முடியும்வரை போகும். தளம் முடியவே இல்லை என்றால்? சிம்பிளிச்சியோவின் வாயாலேயே விடை வருகிறது: முடியாமல் போகும். எங்களுக்கு இதில் பிடித்தது, விடையை யாரும் திணிக்கவில்லை என்பது. தெரிந்த இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வருகிறார்கள்.

பிறகு கப்பல் வருகிறது. பாய்மரத்தில் இருந்து விட்ட கல் அடியில்தான் விழும் என்கிறார் சல்வியாட்டி. 'செய்து பார்த்தீரா?' என்று கேட்டால், செய்யாமலே தெரியும் என்கிறார்! அதன்பின் இன்னொரு காட்சி. ஒரு பெரிய கப்பலின் கீழ்த்தட்டு அறைக்குள் உங்களை அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வண்ணத்துப்பூச்சிகள், பாத்திரத்தில் மீன், சொட்டுச்சொட்டாக வடிகிற ஒரு போத்தல், அதன் கீழே ஒடுங்கிய வாயுள்ள இன்னொரு பாத்திரம். கப்பல் நிற்கும்போது எல்லாவற்றையும் கவனியுங்கள். பிறகு கப்பல் ஆடாமல் சீரான வேகத்தில் ஓடட்டும். சொட்டு அதே வாய்க்குள்தான் விழும். வண்ணத்துப்பூச்சி பின்சுவரில் போய் ஒட்டாது. கப்பல் நிற்கிறதா ஓடுகிறதா என்று உள்ளே இருந்து உங்களால் சொல்ல முடியாது.

பனம்பழத்துக்கு விடை இதுதான். பழம் பனையில் தொங்கும்போதே பனையோடு சேர்ந்து செக்கனுக்கு 450 மீற்றருக்கு மேல் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. காம்பு கழன்றதும் அந்த வேகம் எங்கேயும் போய்விடாது. அதைப் பறிக்க ஒரு விசையும் இல்லை. பனையும் பழமும் நிலமும் ஒரே கப்பலில் இருக்கின்றன.

நூல் வந்த அடுத்த வருடம், 1633 ஜூன் 22இல், 69 வயதுக் கலிலியோவை றோமில் முழந்தாளில் நிற்க வைத்து, பூமி அசைகிறது என்ற கருத்தைக் கைவிடுகிறேன் என்று வாசிக்க வைத்தார்கள். 'ஆனாலும் அது அசைகிறது' என்று முணுமுணுத்துக்கொண்டு எழும்பினார் என்பது பிறகு கட்டிய கதை. அவர் இறந்து நூறு வருடத்துக்குப் பிறகுதான் அது அச்சில் வருகிறது. உண்மையில் நடந்தது வீரவசனம் இல்லை. மீதிக் காலம் முழுக்க வீட்டுக் காவல். தண்டனையின் ஒரு பகுதியாக வாரம் ஒருமுறை சொல்லவேண்டியிருந்த சங்கீதங்களைக் கன்னியாஸ்திரியாக இருந்த மகள் தான் சொல்லுவதாகப் பொறுப்பேற்றார். அடுத்த வருடமே அவர் இறந்துபோனார். கலிலியோ பார்வையையும் இழந்தார். அந்த நிலையில்தான் சாய்தளப் பரிசோதனைகள் அடங்கிய கடைசி நூல் 1638இல், இத்தாலியில் இல்லாமல், ஒல்லாந்தின் லெய்டனில் அச்சானது.

கப்பல் பரிசோதனையை எல்லோரும் பார்க்கச் செய்து காட்டியவர் பிரெஞ்சுக்காரரான பியர் கஸெந்தி. இவர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1640இல் மார்செய் துறைமுகத்துக்கு வெளியே, துடுப்பால் வலிக்கிற ஒரு கப்பலை வேகமாக ஓடவிட்டு, பாய்மர உச்சியில் இருந்து குண்டுகளை விடச் செய்தார். குண்டுகள் பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தன. எவ்வளவோ காலமாக வாயால் நடந்த சண்டை ஒரு கடலில் ஒரு நாளில் முடிந்தது. இவ்வளவு இலகுவான பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது? கேள்வியைச் சரியாகக் கேட்கும்வரை எந்தப் பரிசோதனையைச் செய்யவேண்டும் என்றே தெரியாது என்பதுதான் எங்களுக்குத் தோன்றிய விடை.

வட்டமா, நேர்கோடா?

கலிலியோவோடு கதை முடியவில்லை. அவருடைய 'மட்டமான தளம்' உண்மையில் பூமியின் மேற்பரப்பைச் சுற்றிப் போகிறது. தடையில்லாத குண்டு பூமியைச் சுற்றி வட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும் என்பதுதான் அவருடைய படம். அவ்வளவு பெரிய மனிதரும் வட்டத்தை விடவில்லை.

ஒல்லாந்தில் ஐசாக் பீக்மன் என்று ஒருவர் இருந்தார். மெழுகுதிரி செய்வதும் நீர்க்குழாய் போடுவதும் அவருடைய தொழில். ஒருமுறை அசைந்த பொருள் தடுக்கப்படாதவரை நிற்காது என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அச்சிடவில்லை. 1618இல் பிரெடா நகரில் ஒரு பிரெஞ்சு இளைஞரைச் சந்தித்து இதையெல்லாம் கதைத்தார். அந்த இளைஞர் டேக்கார்ட். அவர் பின்னர் 'உலகம்' என்ற நூலை எழுதி முடிக்கிற நேரத்தில் கலிலியோவின் தண்டனைச் செய்தி வந்தது. நூலை வெளியிடாமல் நிறுத்திவிட்டார். அவர் இறந்த பிறகுதான் அது வந்தது. ஆனால் 1644இல் வேறொரு நூலில், அசைகிற பொருள் தானாகப் போகிற பாதை வட்டம் இல்லை, நேர்கோடு என்று தெளிவாக அச்சில் வைத்தார். கயிற்றில் கட்டிச் சுற்றுகிற கல், கயிற்றை விட்டால் வட்டத்தில் தொடராது, தொடலியின் வழியே நேராகப் போகும். வட்டமாக அசைவதற்குத்தான் காரணம் தேவை.

இந்தத் திருப்பம் இல்லாமல் நியூற்றன் இல்லை. சந்திரன் நேர்கோட்டில் போகாமல் பூமியைச் சுற்றுகிறது என்றால் ஏதோ ஒன்று அதை இழுக்கவேண்டும். அந்த இழுவையைத்தான் அவர் ஈர்ப்பாகக் கணக்கிட்டார். 1687இல் வந்த 'பிரின்சிப்பியா'வில் முதலாம் விதிக்குக் கீழே அவர் கொடுக்கிற உதாரணங்கள் எறிபொருள், சுற்றுகிற பம்பரம், கோள்கள். பியூரிடானின் பம்பரம் 300 வருசத்துக்குப் பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

'இனேர்சியா' என்ற சொல்லை இதற்குள் கொண்டுவந்தவர் கெப்ளர். இலத்தீனில் அதற்குச் சோம்பல், செயலின்மை என்று பொருள். பொருள் அசைய விரும்பாது, விட்டால் நின்றுவிடும் என்பது கெப்ளரின் கருத்து. நியூற்றன் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றினார்: அது ஓய்வையும் விடாது, அசைவையும் விடாது. அப்படியும் அவரே அதைப் பொருளுக்குள் உறையும் ஒரு 'விசை' என்றுதான் எழுதினார். பழைய சொல் புது எண்ணத்துக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வந்தது. தமிழிலும் இந்தச் சிக்கல் இருக்கு. தமிழ்நாட்டில் 'நிலைமம்' என்கிறார்கள். நிலையை விடாத தன்மை. நாங்கள் படித்த 'சடத்துவம்' சடம் மாதிரிக் கிடப்பதைத்தான் ஞாபகப்படுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்கும்போது செக்கனுக்கு 450 மீற்றர் போகிற பழம் மனதில் வருவது கஷ்டம்தான்.

இதில் எங்களுக்கு என்ன?

பாடப்புத்தகத்தில் பஸ் பிரேக் அடித்தால் பயணி முன்னால் விழுகிற படம் இருக்கும். "பஸ் எங்களை முன்னுக்குத் தள்ளுது" எண்டுதான் நாங்கள் இவ்வளவு நாளும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறோம். ஒருத்தரும் தள்ளவில்லை. பஸ் நின்றுவிட்டது, நாங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தபடி போகிறோம். அவ்வளவுதான். விதியை எழுதி முழுப் புள்ளி வாங்கிய நாங்கள் அரிஸ்டோட்டில் மாதிரித்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது நினைக்கிறோம். வெட்கப்படவேண்டியது வேறு: எங்களுக்கு அப்படி ஒரு பழைய எண்ணம் உள்ளே இருக்கிறது என்பதை ஒருத்தரும் கேட்கவும் இல்லை, நாங்களும் சொல்லவில்லை. பிலோப்பொனஸ் தன் ஆசிரிய மரபின் மூலநூலைப் பார்த்து 'அப்ப கை எதுக்கு?' எண்டு கேட்டார். அப்படி ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டால் "சிலபஸில இல்லை, இரும்" என்றுதான் எங்களில் கனபேருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

உயர்தரத்தில் துறை பிரிந்ததும் பௌதிகம் 'அவையளின்ட' பாடம், வரலாறு 'எங்கட' பாடம் என்று ஆகிவிடுகிறது. இந்தக் கதை இரண்டு பக்கத்திலும் இல்லை. இதை விளங்கக் கணக்கும் வேண்டும், திருச்சபையும் அரபு மெய்யியலும் அச்சகமும் வேண்டும்.

எங்களில் ஒருவரின் தம்பி பத்தாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கு இந்த முழுக் கதையையும் சொன்னோம். கப்பல், வண்ணத்துப்பூச்சி, கலிலியோ எல்லாம் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அண்ணை, இது பாஸ்ட் பேப்பரில வந்திருக்கோ?" என்றான். சிரித்துவிட்டோம். வரவில்லை என்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவனே திரும்பி வந்தான்: "அப்ப பழம் சரியா நேர் கீழதான் விழுமோ? உச்சி கொஞ்சம் பெரிய வட்டத்தில எல்லோ சுத்துது?"

அவன் கேட்டது, நியூற்றன் 1679இல் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிற விசயம். பனையின் உச்சி பூமியின் அச்சில் இருந்து அடியைவிடக் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. ஆகவே உச்சியின் வேகம் அடியின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கூடின வேகத்தோடு வருகிற பழம் மேற்கே பின்தங்காது, கிழக்கே முந்தும். 1790களின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரக் கோபுரம் ஒன்றில் இருந்து குலியெல்மினி என்பவர் குண்டுகளை விட்டு இந்த விலகலைத் தேடினார். பூமி அசைகிறது என்பதற்கு, விழுகிற கல்லே கடைசியில் சாட்சி சொல்ல வந்தது.

எங்கட 20 மீற்றர்ப் பனைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். காற்றடிக்காவிட்டால், பழம் சுமார் 2 மில்லிமீற்றர் கிழக்கே தள்ளி விழும்.